டீச்சரைக் கேளுங்கள்: வேர் மேலே, இலை கீழே

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் மட்டும் தெரிந்த ஒரு குட்டிக் கணக்கு மொழியைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுங்கள். நீங்கள் தட்டிய வரியை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பதைத் திரையில் மரமாக வரையச் சொல்லுங்கள் என்று. சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இருக்கும் என் டியூஷன் அறையில் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கொடுக்கிற பாடம்தான். பத்திரிகையில் போட்டால் யார் செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன். செய்திருக்கிறீர்கள். செய்துவிட்டு என்னைத் திட்டியும் இருக்கிறீர்கள். இந்த மாதம் மரத்துக்கே விட்டுவிடுகிறேன். வைரஸ், பிரிண்டர் கேள்விகள் அனுப்பியவர்கள் மன்னிக்கவும்.

டீச்சர், என் மகன் படிவம் 5. எஸ்பிஎம் பரீட்சை நெருங்குகிற நேரத்தில் திரையில் வட்டம் போட்டுக் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். கேட்டால் "மரம் வரையிறேன்மா" என்கிறான். இது படிப்பா, விளையாட்டா?
– ஒரு தாயார், லிந்தாங்

படிப்புதான் அக்கா. ஆனால் பரீட்சை முடிகிறவரை வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

"பழைய தோட்டத்துக் கிராணி வீடு" என்று நான் சொன்னால் எது பழையது? தோட்டமா, கிராணியா, வீடா? நீங்களும் நானும் இந்த ஊர்க்காரர்கள். எந்தத் தோட்டம், எந்தக் கிராணி என்று தெரியும், அதனால் யோசிக்காமலே புரிந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அந்த ஊர்ப் பழக்கம் கிடையாது. எந்தச் சொல் எதோடு சேரும் என்பதற்கு முன்கூட்டியே விதி எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் எழுதும் நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற கம்பைலர், அதை முதலில் சொல் சொல்லாக நறுக்குகிறது. அப்புறம் விதிப்படி எது எதோடு சேருமோ அதை அதோடு முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சுகளை வரைந்தால் வருவதுதான் உங்கள் மகன் வரைகிற மரம். சுருக்கத் தொடரியல் மரம் என்பார்கள். ஏன் சுருக்கம்? அடைப்புக்குறி, காற்புள்ளி, இடைவெளி எதுவும் அதில் இருக்காது. அவை தம் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். அடைப்புக்குறி இருந்த அடையாளம் மரத்தின் வடிவத்தில் மட்டும் தங்கும்.

மரத்தில் ஒவ்வொரு முடிச்சும் ஒரு கணு. அதற்குக் கீழே தொங்குபவை அதன் பிள்ளைகள், பிள்ளையில்லாத கணு இலை. இந்த மரத்துக்கு வேர் மேலே, இலை கீழே. கோயில் சொற்பொழிவில் தலைகீழ் அரசமரம் என்று சொல்வார்களே, அது மாதிரி. திரையில் வரைவதற்கு இதுவே வசதி, ஏனென்றால் கம்ப்யூட்டர் திரையில் உயரக் கணக்கு மேல் ஓரத்தில் 0 என்று ஆரம்பித்துக் கீழே போகப் போகத்தான் கூடும்.

டீச்சர், வேரைத் திரையின் நடுவில் வைத்தேன். ஒவ்வொரு மட்டத்துக்கும் அகலத்தைப் பாதி பாதியாகக் குறைத்துப் பிள்ளைக் கணுக்களை இரண்டு பக்கமும் வைத்தேன். சின்னக் கணக்குக்கு அழகாக வருகிறது. நீளமாகக் கொடுத்தால் ஒரு மூலையில் கணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, மற்றப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. எங்கே தப்பு?
– பாலிடெக்னிக் மாணவி, ஈப்போ

எல்லாரும் முதலில் இப்படித்தான் வரைவோம்மா. நானும் அப்படித்தான் வரைந்தேன்.

உன் கணக்கையே போட்டுப் பார். திரை அகலம் 1024 என்று வை. முதல் மட்டத்தில் அண்ணன் தம்பிக்கு நடுவே 512 புள்ளி. அடுத்து 256, 128, 64. ஐந்தாவது மட்டத்தில் 32. நீ வரைகிற பெட்டி எப்படியும் 60 புள்ளி அகலம் இருக்கும். 32 புள்ளி தூரத்தில் 60 புள்ளிப் பெட்டிகள் இரண்டை நிறுத்தினால் ஏறிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பெரிய திரை வாங்கினாலும் தீராது. அகலத்தை இரட்டிப்பாக்கினால் ஒரே ஒரு மட்டம்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

நான் வளர்ந்தது லயத்து வீட்டில். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே அளவு வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருந்த வீடும் அதே அளவு, பாட்டியோடு ஒன்பது பேர் படுத்த எங்கள் வீடும் அதே அளவு. உள்ளே எத்தனை தலை என்று யாரும் எண்ணவில்லை. உன் நிரலும் அதைத்தான் செய்கிறது. கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் மேலேயிருந்தே இடத்தைப் பங்கு போட்டுவிடுகிறது.

திருப்பிப் போடு. முதலில் இலைகளுக்கு இடம் கொடு, பெற்றவர்களுக்கு அப்புறம். என் டியூஷனில் எப்போதும் எடுக்கிற வரி இது:

அடிப்படை + கிலோ * விலை

பால் வெட்டுக் கூலிக் கணக்கு. பெருக்கல் முந்திக்கொள்வதால் மரம் இப்படி நிற்கும்:

```
+
├── அடிப்படை
└── *
    ├── கிலோ
    └── விலை
```

இதை நிமிர்ந்த மரமாக வரையப் போகிறோம். கையில் ஒரு எண்ணி, 1-இல் ஆரம்பம். மரத்தை இடமிருந்து வலமாக, பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் பெற்றவர் என்ற வரிசையில் நட. இலை எதிர்ப்பட்டால் எண்ணியில் உள்ள இடத்தை அதற்குக் கொடுத்துவிட்டு எண்ணியில் ஒன்று கூட்டு. 'அடிப்படை'க்கு 1, 'கிலோ'வுக்கு 2, 'விலை'க்கு 3. பிள்ளையுள்ள கணு என்றால் முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நட்டநடு. பெருக்கல் குறி 2.5-இல் நிற்கும். கூட்டல் குறி 1-க்கும் 2.5-க்கும் நடுவில், 1.75-இல். அந்த எண்ணை ஒரு பெட்டியின் அகலமும் கொஞ்சம் இடைவெளியும் சேர்ந்த அளவால் பெருக்கினால் குறுக்கு இடம் கிடைக்கும். உயரத்துக்குக் கணு எத்தனையாவது மட்டம் என்பதே போதும். ரப்பர்க் கன்றை நிரை பிடித்து நடுகிற மாதிரி ஒரே மட்டத்துக் கணுக்கள் ஒரே கோட்டில் நிற்கும். எந்தப் பெட்டியும் எந்தப் பெட்டி மேலும் ஏறாது. பைத்தானில் பதினைந்து வரிகூட வராது.

அடுத்து உன் விரிவுரையாளர் ஒன்று கேட்பார்: "இவ்வளவு அகலம் ஏன்?" நியாயமான கேள்விதான். ஒவ்வோர் இலைக்கும் தனித் தூண் கொடுத்துவிட்டதால், ஆழத்தில் இருக்கிற இலை பக்கத்துக் குட்டைக் கிளைக்கு அடியில் நுழைந்துகொள்ள முடியாது. இதற்கு எட்வர்ட் ரெயின்கோல்டும் ஜான் டில்ஃபோர்டும் 1981-இல் ஒரு வழி எழுதினார்கள். இடது கிளையைத் தனியாக வரை, வலது கிளையைத் தனியாக வரை. இடது கிளையின் வலது ஓரத்தையும் வலது கிளையின் இடது ஓரத்தையும் மட்டம் மட்டமாகப் பார்த்துக்கொண்டே, குறைந்தபட்ச இடைவெளி மீதமாகும்வரை இரண்டையும் நெருக்கு. பெற்றவரை நடுவில் வை. அவ்வளவுதான். நெருக்கும்போது கிளையிலுள்ள ஒவ்வொரு கணுவையும் தொட்டு நகர்த்தாதே, நேரம் வீணாகும். "இந்தக் கிளை முழுக்க இத்தனை புள்ளி தள்ளி" என்று கிளையின் தலையில் ஒரு எண்ணை எழுதி வைத்துவிட்டு, கடைசியில் வேரிலிருந்து ஒரே நடையில் கூட்டிக்கொண்டே இறங்கு.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது அகலம் மிச்சமாவது அல்ல. ஒரே வடிவக் கிளை மரத்தில் எங்கே வந்தாலும் ஒரே மாதிரி வரையப்படும். 'கிலோ * விலை' இரண்டு இடத்தில் வந்தால் கண் அதை உடனே பிடித்துவிடும். பல பிள்ளையுள்ள மரத்துக்கு வாக்கர் என்பவர் 1990-இல் இதை விரித்தார், 2002-இல் புக்ஹைம் குழுவினர் அதை வேகமாக்கினார்கள். பிரவுசரில் படம் வரைய உதவும் டி3 நூலகத்தில் மரம் வரையச் சொன்னால் உள்ளே ஓடுவது இவர்கள் வழிதான். ஆனால் முதலில் எண்ணி முறையை உன் கையால் எழுதி முடி. நூலகத்தைக் கூப்பிடுவது பிறகு.

டீச்சர், கணக்கு மொழியில் மாறியின் (வேரியபிள்) பெயரைத் தமிழில் வைத்தேன். "கிலோ * விலை" என்று தட்டினால் "க" என்று ஒரு இலை மட்டும் வருகிறது, அப்புறம் பிழை. ஆங்கிலப் பெயர் வைத்தால் ஓடுகிறது. தமிழ் வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோலகங்சார்

ஐயா, நீங்களே விட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

தப்பு தமிழில் இல்லை, சொல்லை நறுக்குகிற கத்தியில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நிரலைப் பார்த்தேன். சொல்லைப் பிடிக்க, பின்சாய்கோடும் சிறிய டபிள்யூவும் சேர்ந்த குறியைப் போட்டிருக்கிறீர்கள். சொல் வடிவம் தேடித் தருகிற பைத்தானின் ஆர்ஈ மாட்யூலில் அந்தக் குறி எழுத்தையும் எண்ணையும் பிடிக்கும், ஆனால் நம் கொம்பு, கால், புள்ளி போன்ற ஒட்டுக்குறிகளை எழுத்தாகவே மதிக்காது. "கிலோ" என்பது நமக்கு இரண்டு எழுத்து. உள்ளே அது நான்கு துண்டு: க, மேல்சுழி, ல, ஓகாரக்குறி. உங்கள் கத்தி முதல் துண்டான "க"வை வெட்டிவிட்டு, அடுத்த துண்டைப் பார்த்து "இது என்ன?" என்று நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பைத்தான் தன் சொந்த நிரலைப் படிக்கும்போது இந்தத் தப்பைச் செய்வதில்லை. 2008-இல் பைத்தான் 3 வந்ததிலிருந்து 'விலை' என்ற மாறியை அது முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. அதனால் நீங்களும் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போய், சேர்த்த சொல் மாறிப் பெயராகுமா என்று பைத்தானின் 'இஸ்ஐடென்டிஃபையர்' (isidentifier) கொண்டு கேட்டுப் பாருங்கள். ஆம் என்கிறவரை சேர்க்கலாம்.

நறுக்குவது சரியானதும் வரைகிற இடத்தில் அடுத்த வம்பு காத்திருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்லின் நீளத்தை எண்ணிப் பத்தால் பெருக்கிப் பெட்டி போடாதீர்கள். "அடிப்படை" ஐந்து எழுத்து, பைத்தான் 8 என்று எண்ணும். திரையில் அது பிடிக்கிற அகலம் இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது எண். எழுத்துருவையே கேட்டு அளக்க வேண்டும். பிரவுசர் கேன்வாசில் மெஷர்டெக்ஸ்ட் இருக்கிறது, பைத்தானின் திரை நூலகமான டிக்கின்டரில் எழுத்துருவுக்கு மெஷர் இருக்கிறது. பிரவுசரில் எழுத்துரு முழுதாக இறங்கிய பிறகு அளங்கள். முன்னாலேயே அளந்தால் வேறு ஏதோ எழுத்துருவின் அகலம் கிடைக்கும், சொல் பெட்டிக்கு வெளியே தொங்கும். பில்லோ நூலகத்தில் படமாக வரைகிறவர்கள், எழுத்துகளை முறைப்படி அடுக்கித் தருகிற ராக்ம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் "விலை"யின் ஐகாரக் கொம்பு லகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

இத்தனை தொல்லையும் வேண்டாம் என்றால், மாணவிக்குக் காட்டினேனே, அந்தப் படுக்கை மரத்தைப் போடுங்கள். கோடுகளெல்லாம் இடது பக்கம், சொல் எப்போதும் வரியின் கடைசியில். சொல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் யாரையும் இடிக்காது. பார்க்க அழகு குறைவுதான், ஆனால் தமிழுக்கு நான் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான்.

மரத்தை வரைய வேண்டிய அவசியமே எனக்குப் புரியவில்லை. பைத்தான் 3.9-இலிருந்து, இந்த மரத்தைத் தருகிற ஏஎஸ்டி மாட்யூலின் டம்ப்புக்கு இண்டென்ட் கொடுத்தால் அழகாக உள்தள்ளி அச்சிட்டுவிடுகிறது. படம் எல்லாம் பிள்ளை விளையாட்டு.
– பத்து வருட அனுபவமுள்ள புரோகிராமர், பெட்டாலிங் ஜெயா

நானும் உங்களை மாதிரி பேசிக்கொண்டிருந்தவள்தான் தம்பி. ஒரு சம்பள நாளோடு அந்தப் பேச்சு நின்றது.

செம்பனைக் குலை வெட்டுக்கு ஆள் வைக்கிற ஒரு காண்டிராக்டருக்குக் கூலிக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். பிடித்தங்கள் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், கணக்கு வரியை அவரே தட்டிக்கொள்ளட்டும் என்று உள்ளே ஒரு குட்டி மொழி வைத்தேன். சோதித்துப் பார்த்தபோது ஒரே ஒரு பிடித்தம் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அவர் தட்டியது:

மொத்தம் - முன்பணம் - சாப்பாடு

மொத்தம் 1200 வெள்ளி, முன்பணம் 300, சாப்பாடு 150. கையில் 750 வர வேண்டும். நிரல் 1050 என்றது. அவர் பணத்தை உறையில் போட்டுக் கொடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். குரலை இங்கே எழுத முடியாது.

அன்று ராத்திரி நான் செய்தது நீங்கள் சொல்வதுதான்: உள்தள்ளி அச்சிட்டுப் பார்த்தேன். நிஜக் கணக்கில் பிடித்தம் ஐந்தாறு உண்டு. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக இரண்டு பக்கம் வந்தது. பெயர்கள் எல்லாம் இருந்தன, குறிகள் எல்லாம் இருந்தன, வரிசையும் சரியாக இருந்தது. மூன்று முறை படித்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அப்பாவின் பழைய செக்ரோல் (தோட்டத்து ஆள் பதிவு) புத்தகத்தில் ஒரு காலிப் பக்கத்தைப் புரட்டி, பென்சிலால் மரமாக வரைந்தேன். நாலாவது கோடு போடும்போதே தெரிந்துவிட்டது. மரம் வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. தொடர் கழித்தல் இடது பக்கம் சாய வேண்டும்.

முடிச்சுப் போட்டு மரம் கட்டுகிற பகுதிக்குப் பார்சர் என்று பெயர். என் பார்சர் ஒரு கழித்தல் குறியைப் பார்த்ததும், மிச்ச வரி முழுவதையும் வலது பிள்ளையாக எடுத்துக்கொண்டது. முன்பணத்திலிருந்து சாப்பாட்டைக் கழித்து 150 ஆக்கி, அந்த 150-ஐத்தான் மொத்தத்திலிருந்து கழித்திருக்கிறது. திருத்தம் ஐந்து வரி. தன்னையே மறுபடி கூப்பிடுகிற இடத்தில் ஒரு சுற்று வைத்தேன்: அடுத்தது கழித்தல் குறியா? அப்படியானால் இதுவரை கட்டியதை இடது பிள்ளையாக்கிப் புதுக் கணு ஒன்றைப் போடு, அடுத்த சொல்லை மட்டும் வலது பிள்ளையாக்கு, மறுபடி பார். உறைகளில் கூடுதலாகப் போன பணத்தைக் காண்டிராக்டர் திரும்பக் கேட்கவில்லை. எனக்குத் தர வேண்டிய கூலியில் பிடித்துக்கொண்டார். அந்தக் கழித்தல் சரியாகத்தான் இருந்தது.

அதற்காக உங்கள் முழு நிரலையும் வரையச் சொல்லவில்லை. ஆயிரம் கணு உள்ள மரம் சுவரொட்டிக்குத்தான் ஆகும். சந்தேகமுள்ள ஒரு செயற்கூற்றை மட்டும் வரையுங்கள். பைத்தான் மரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் அடியில் 'லோட்', 'ஸ்டோர்' மாதிரி ஒரு குட்டிக் கணு தொங்கும், அதை வெட்டிவிடுங்கள். மீதிக் கிளைகளைச் சொடுக்கினால் மூடித் திறக்கிற மாதிரி வைத்தால் போதும்.

கணுவும் கோடும் கொடுத்தால் படம் வரைந்து தருகிற கிராஃப்விஸில் மரத்தை வரைந்தேன் டீச்சர். என் கணக்கில் இரண்டு கூட்டல் குறி உண்டு. படத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அதற்குள் எல்லாக் கோடும் போகிறது.
– தைப்பிங் வாசகர்

கூட்டல் குறியையே கணுவின் பெயராகக் கொடுத்திருப்பீர்கள். கிராஃப்விஸுக்குப் பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்று. எங்கள் தோட்டத்தில் மூன்று முனியம்மா இருந்தார்கள். அப்பா செக்ரோலில் பெயருக்கு முன்னால் நம்பர் போட்டுத்தான் எழுதுவார். நீங்களும் கணு1, கணு2 என்று ஆளுக்கொரு நம்பர் கொடுத்துவிட்டு, கூட்டல் குறியை லேபிளாக மட்டும் வையுங்கள். கூடவே 'ஆர்டரிங்' என்ற குறிப்புக்கு 'அவுட்' என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் பிள்ளைகளை இடம் வலம் மாற்றி வைக்க, கிராஃப்விஸில் இடம் ஒதுக்குகிற டாட்டுக்கு உரிமை உண்டு, கழித்தல் கணக்கில் அது வினை. தமிழ் லேபிள் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருப் பெயராக நோட்டோ சான்ஸ் தமிழ் போடுங்கள்.

எக்செல்லில் =-2^2 என்று தட்டினால் 4 வருகிறது. மருமகன் பைத்தானில் -2**2 தட்டி -4 காட்டுகிறார். ரோட்டி சானாய் பந்தயம். யார் சரி?
– ஓய்வு பெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

ஐயா, இரண்டு மரம் வரையுங்கள். எக்செல்லில் கழித்தல் குறி 2-ஐ முதலில் பிடித்துக்கொள்கிறது. அதனால் அடுக்குக் குறி மேலே, கழித்தல் அதன் கீழே, விடை 4. பைத்தானில் அடுக்கு முந்திக்கொள்கிறது. கழித்தல் மேலே, அடுக்கு கீழே, விடை -4. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் மருமகன் பக்கம்தான்.

ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் எக்செல்லில் =0-2^2 என்று தட்டிக் காட்டுங்கள். -4 வரும். முன்னால் ஒரு 0 வந்ததும் அது இரண்டு பிள்ளையுள்ள கழித்தலாகிவிடுகிறது, அடுக்குக்குக் கீழ்ப்படிந்து மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. இது ஏன் என்று மருமகனால் வரைந்து காட்ட முடியாவிட்டால் ஆளுக்குப் பாதி.